தரைக்குள் பார்க்கும் ரேடார் சுரங்கத் தொழிலாளர்களைக் காப்பாற்றுமா? தனுஷ்கோடி மணலும் தெலங்கானா சேறும் சொல்லும் பதில்

2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை காலை. தெலங்கானாவின் நாகர்கர்னூல் மாவட்டத்தில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்க்காக மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்து சுமார் 14 கிலோமீட்டர் உள்ளே, திடீரென மேற்கூரை இடிந்தது. தண்ணீரும் சேறும் பாறையும் சேர்ந்து கொட்டின. பெரும்பாலானோர் ஓடித் தப்பிவிட்டார்கள். 8 பேர் மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். 2 இன்ஜினியர்கள், 2 ஆபரேட்டர்கள், 4 தொழிலாளர்கள்.

ராணுவம், தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடற்படை, சிங்கரேணி நிலக்கரிச் சுரங்க வீரர்கள், எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் என எல்லோரும் இறங்கினார்கள். கூடவே ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் (என்ஜிஆர்ஐ) ஒரு கருவியோடு உள்ளே போனது. அதுதான் ஜிபிஆர். தமிழில் சொன்னால், தரை ஊடுருவும் ரேடார்.

மார்ச் 1-ம் தேதி, நான்கு பேர் இருக்கும் இடம் ரேடாரில் தெரிந்திருப்பதாக மாநில அமைச்சர் ஜுப்பள்ளி கிருஷ்ண ராவ் சொன்னார். நாடே எதிர்பார்த்தது. ஆனால் ரேடார் காட்டிய இடங்களைத் தோண்டியபோது கிடைத்தது பெரும்பாலும் இரும்பும் சேறும்தான்.

அப்படின்னா ரேடார் பொய் சொல்லுச்சா? இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள தெலங்கானா வரைக்கும் போக வேண்டாம். ராமேஸ்வரம் மண்ணே போதும்.

ஜிபிஆர்: எப்படி வேலை செய்யுது?

சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோம் இல்லையா? சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நிலைமை என்று கண்டுபிடிப்போம். நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே பழக்கம் இருக்கிறது. அனுபவமுள்ள தொழிலாளி கம்பியால் மேற்கூரையைத் தட்டுவார். 'கணீர்' என்று கேட்டால் பாறை உறுதி. பொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு இருக்கிறது, ஒதுங்கிவிட வேண்டும்.

ஜிபிஆர் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். கம்பிக்குப் பதில் ரேடியோ அலை, காதுக்குப் பதில் ஆன்டெனா. கருவி ஒரு அலையைப் பாறைக்குள் அனுப்பும். ஒரே மாதிரியான பாறை என்றால் அலை போய்க்கொண்டே இருக்கும். நடுவில் விரிசல், வெற்றிடம், தண்ணீர், இரும்பு, வேறு வகைப் பாறை என்று ஏதாவது வந்தால், அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து, அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள்.

இங்கேதான் முதல் சிக்கல். ஒரு விநாடியை 100 கோடி பங்காகப் பிரித்தால், அதில் சுமார் 150 பங்கு நேரத்தில் அலை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பது கிரானைட் என்றால், அந்தப் பொருள் சுமார் 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதே நேரம், ஆனால் எதிரில் இருப்பது ஈர மணல் என்றால்? வெறும் நாலரை மீட்டர்தான். ஏனென்றால் ஈரத்தில் அலை மெதுவாகப் போகும். ஆக, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்தால்தான், எங்கே இருக்கிறது என்றே சரியாகச் சொல்ல முடியும்.

இன்னொன்று. ஜிபிஆர் திரையில் தெரிவது போட்டோ இல்லை. வளைந்து வளைந்து போகும் கோடுகள். அதில் எது பாறை, எது பைப், எது மனித உடல் என்று கருவி சொல்லாது. அனுபவமுள்ள ஆய்வாளர்தான் ஊகிக்க வேண்டும்.

தனுஷ்கோடி ஊற்றும் வாலிநோக்கம் உப்பும்

தனுஷ்கோடி போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கடல். ஆனால் கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். அங்குள்ள மீனவக் குடும்பங்கள் அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் காலங்காலமாகக் குடித்தார்கள். காரணம், மணலில் இறங்கும் மழைத் தண்ணீர், எடை அதிகமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது.

இப்போது அந்த மணல் மேல் ஜிபிஆர் கருவியை உருட்டிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணலில் அலை ஜோராக இறங்கும். நல்ல தண்ணீர் தொடங்கும் இடத்தில் ஒரு பகுதி திரும்பி, திரையில் பளிச்சென்று ஒரு கோடு விழும். நல்ல தண்ணீருக்குள் வேகம் குறைந்தாலும் அலை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் வந்ததும் எல்லாம் முடிந்தது. திரை இருண்டுவிடும். கடல்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ரேடியோ அலையின் சக்தி முழுவதையும் அது உறிஞ்சிவிடும். பாம்பன் கடலுக்குள் ஜிபிஆரை வைத்தால் ஒரு மீட்டர் கூட உருப்படியாகப் பார்க்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே ராமநாதபுரம் மாவட்டத்தில், வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. அங்கே பாத்தியில் நிற்கும் உப்பு நீர் ரேடாருக்குச் சுவர். ஆனால் ஈரமே இல்லாத கெட்டி உப்பு ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி. ஜெர்மனியில் பூமிக்கு அடியில் பாறை உப்பு வெட்டும் சுரங்கங்களில் இந்த ரேடார் நூறு மீட்டருக்கு மேலும் பார்க்கும். கெட்டி உப்புக்கு நடுவில் உப்பு நீர் தேங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க அங்கே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, ஜிபிஆர் எவ்வளவு ஆழம் பார்க்கும் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. காய்ந்த, கெட்டியான பாறை என்றால் 20, 30 மீட்டர். ஈரக் களிமண் என்றால் ஒன்றிரண்டு மீட்டரே கஷ்டம். உப்பு நீர் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

தெலங்கானாவில் என்ன ஆச்சு?

மறுபடியும் அந்தச் சுரங்கப்பாதைக்குள் போவோம். உள்ளே கெட்டிப் பாறை முகப்பு இல்லை. சேறு இருந்தது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அந்தச் சேற்றுக்குள் சுரங்கம் தோண்டும் ராட்சத இயந்திரத்தின் உடைந்த பாகங்கள், கன்வேயர் பெல்ட் சட்டங்கள், கம்பிகள், கான்கிரீட் துண்டுகள் எல்லாம் கலந்து கிடந்தன.

ரேடாருக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. சேறு அலையை விழுங்கும். இரும்போ முழு அலையையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கண்ணில் டார்ச் அடித்த மாதிரி. அதற்குப் பின்னால் என்ன இருந்தாலும் தெரியாது. 'இங்கே ஏதோ வித்தியாசமாக இருக்கிறது' என்று ரேடார் சொன்னது உண்மை. அந்த 'ஏதோ' என்பது மனிதர்கள் என்று எடுத்துக்கொண்டது நம்முடைய ஆசை.

பிறகு கேரள போலீஸின் மோப்ப நாய்கள் வந்தன. அவை காட்டிய பகுதியில் தோண்டியபோது மார்ச் 9-ம் தேதி முதல் உடல் கிடைத்தது. மார்ச் 25-ம் தேதி இரண்டாவது உடல். மீதி 6 பேரின் உடல்கள் மீட்கப்படாமலேயே தேடுதல் நிறுத்தப்பட்டது.

உத்தராகண்டிலும் இதே கதைதான். 2023 நவம்பர் 12-ம் தேதி சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் சிக்கினார்கள். இடிபாடுகளைத் துளைத்துக் குழாய் செலுத்தும்போது இரும்புச் சட்டங்கள் குறுக்கே வந்தன. இன்னும் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க ஜிபிஆர் வந்தது. அடுத்த 5 மீட்டர் அளவுக்குப் பெரிய உலோகத் தடை இல்லை என்று நவம்பர் 24-ம் தேதி சொன்னார்கள். அன்றைக்கே துளையிடும் இயந்திரம் மறுபடியும் இரும்பில் மாட்டியது. கடைசி 12 மீட்டர் அளவுக்கு எலிவளைத் தொழிலாளர்கள் கையால் தோண்டித்தான் நவம்பர் 28-ம் தேதி 41 பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் பொதுவான விஷயம் ஒன்று. ரேடார் வந்தது விபத்துக்குப் பிறகு. அதாவது, அதனால் எதையும் சரியாகப் பார்க்க முடியாத நேரத்தில்.

அப்போ இது எதுக்குத்தான் உதவும்?

இடிந்த பிறகு அல்ல, இடிவதற்கு முன்னால். பாறை கெட்டியாக, ஓரளவு காய்ந்து, முகப்பு சுத்தமாக இருக்கும் நேரத்தில்தான் ஜிபிஆருக்குக் கண் நன்றாகத் தெரியும். சுரங்கங்களில் அதற்கு மூன்று முக்கியமான வேலைகள் உண்டு.

முதலாவது, மேற்கூரை. இந்திய நிலக்கரிச் சுரங்கங்களின் அடியில் பல பத்தாண்டுகளாக அதிக உயிர்களை எடுத்தது மேற்கூரை சரிவுதான். கூரையில் அடுக்கடுக்காக இருக்கும் பாறைகளுக்கு நடுவே பிளவு விழும். கீழே இருந்து பார்த்தால் தெரியாது. அதிக அலைவரிசை கொண்ட ஆன்டெனா ஆழமாகப் போகாது, ஆனால் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் மெல்லிய பிளவைக்கூடக் காட்டும். கம்பியால் தட்டிப் பார்க்கும் தொழிலாளியின் காதுக்கு இது கூடுதல் கண்.

இரண்டாவது, பழைய சுரங்கங்கள். 1975 டிசம்பர் 27-ம் தேதி தன்பாத் அருகே சாஸ்னாலா சுரங்கத்துக்குள், பக்கத்தில் பழைய சுரங்கப் பகுதியில் தேங்கியிருந்த தண்ணீர் சுவரை உடைத்துப் பாய்ந்தது. சுமார் 375 பேர் இறந்தார்கள். 2001 பிப்ரவரியில் பாக்டிகி சுரங்கத்தில் இதே மாதிரி 29 பேர் இறந்தார்கள். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவெக்ரீக் சுரங்கத்தில் 9 பேர் சிக்கினார்கள், அதிர்ஷ்டவசமாக எல்லோரும் பிழைத்தார்கள். அங்கே காரணம், பழைய சுரங்கம் எதுவரை தோண்டப்பட்டது என்று காட்டும் மேப் சரியில்லை. மேப் தவறாக இருக்கலாம். பாறைக்குப் பின்னால் வெற்றிடமோ தண்ணீரோ இருந்தால் அது ரேடாரில் தெரிய வாய்ப்பு உண்டு.

இந்திய விதிமுறைப்படி, தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் வேலை செய்ய வேண்டுமென்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே துளை போட்டுப் பார்த்துக்கொண்டேதான் முன்னேற வேண்டும். துளை என்பது ஒரு புள்ளியை மட்டும் காட்டும். இரண்டு துளைகளுக்கு நடுவில் இருப்பதைப் பார்க்க ரேடார் கைகொடுக்கும்.

மூன்றாவது, எதிரில் வரப்போவது. சுரங்கப்பாதை தோண்டும்போது அடுத்த 20 மீட்டரில் உடைந்த பாறை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். சீனாவில் சுரங்கப்பாதை வேலைகளில் இது வழக்கமான நடைமுறை. நிலநடுக்க அலை மாதிரியான அதிர்வை அனுப்பி 100 மீட்டருக்கு மேல் பார்ப்பது முதல் கட்டம். ரேடார் அடுத்த கட்டம். கடைசியாகத் துளை போட்டு உறுதி செய்வது.

ரேடாரால் முடியாத வேலையும் இருக்கு

கோலார் தங்க வயலைத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. வட ஆற்காடு, தர்மபுரி பக்கத்தில் இருந்து தலைமுறை தலைமுறையாகப் போய் வேலை பார்த்த இடம். 2001-ல் மூடப்பட்டபோது அது 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிருந்தது. அங்கே பெரிய எமன், பாறை வெடிப்பு. மேலே இருக்கும் மலையின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும்.

இந்த அழுத்தத்தை ஜிபிஆர் காட்டாது. விரிசலைக் காட்டும், விரிசல் விழப்போவதைக் காட்டாது. அதற்குப் பாறையின் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் கருவிகள் வேண்டும். கோலாரில் அப்படித்தான் கண்காணித்தார்கள். 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தொடங்கப்பட்டதும் சும்மா இல்லை. ஒரே ஒரு கருவியை வாங்கி வைத்துவிட்டு 'பாதுகாப்பு வந்துவிட்டது' என்று சொல்ல முடியாது.

முன்கூட்டியே தெரிஞ்சும் என்ன பயன்?

இதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. தெலங்கானா சுரங்கப்பாதையில், விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாறை பலவீனமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம் என்று 2020-லேயே ஒரு ஆய்வு அறிக்கை எச்சரித்திருந்ததாக 2025 மார்ச்சில் செய்திகள் வெளியாகின. அது அதிர்வு அலைகளை வைத்துச் செய்த ஆய்வு. 13.88 கிலோமீட்டர் முதல் 13.91 கிலோமீட்டர் வரையிலான பகுதி அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. இடிந்தது சுமார் 14-வது கிலோமீட்டரில்.

அதாவது, கருவி முன்னாடியே பார்த்துவிட்டது. ஆனால் கருவி பார்த்ததை மனிதர்கள் என்ன செய்தார்கள்? அந்த அறிக்கை அன்றைக்கு ஷிப்டுக்குப் போன தொழிலாளிக்குத் தெரியுமா? அதை வைத்து வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? விபத்துக்குப் பிறகு அதே சுரங்கப்பாதையின் மீதி வேலைக்காக, 2025 நவம்பரில் என்ஜிஆர்ஐ ஹெலிகாப்டரில் மின்காந்தக் கருவியைத் தொங்கவிட்டு மலைக்குள் சர்வே செய்தது. ஜிபிஆரைவிடப் பல மடங்கு ஆழம் பார்க்கும் முறை அது. நல்ல விஷயம்தான். 8 உயிர் போன பிறகு வந்த நல்ல விஷயம்.

இது நமக்கு எதுக்கு?

'நம்ம ஊர்ல நிலக்கரிச் சுரங்கமே இல்லையே' என்று கேட்கலாம். நெய்வேலிகூடத் திறந்தவெளிச் சுரங்கம்தான். ஆனால் தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தோண்டினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்கும் தெரியும்.

2019 அக்டோபர் 25-ம் தேதி திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிப் போய் மீட்கலாம் என்று முடிவெடுத்தார்கள். கொஞ்ச ஆழத்திலேயே கடும்பாறை வந்தது. முதல் இயந்திரம் திணறியது. அதைவிட சக்தி வாய்ந்த ரிக் இயந்திரத்தை ராமநாதபுரத்தில் இருந்து கொண்டுவந்தார்கள். அதுவும் பாறையோடு மல்லுக்கட்டியது. 29-ம் தேதி அதிகாலை குழந்தையின் உடல்தான் மேலே வந்தது. கீழே என்ன பாறை, எத்தனை அடியில் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த மணி நேரங்கள் வேறு மாதிரி போயிருக்குமா என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது.

2017 ஏப்ரல் 9-ம் தேதி சென்னை அண்ணா சாலையில், மெட்ரோ சுரங்கப் பணி நடந்த இடத்தில் திடீர் பள்ளம் விழுந்து ஒரு மாநகரப் பேருந்தும் காரும் இறங்கின. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. சாலைக்குக் கீழே வெற்றிடம் உருவாகிறதா என்று பார்ப்பது ஜிபிஆருக்கு நன்றாக வரக்கூடிய வேலைகளில் ஒன்று.

ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். மெட்ரோ, சுரங்கப்பாதை, பெரிய பள்ளம் தோண்டும் சைட்டுகள் எல்லாம் அதில் அடக்கம். அப்படி ஒரு சைட்டுக்குள் இறங்கும் யாரும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

1. அடுத்து தோண்டப்போகும் இடத்தை யாராவது பார்த்தார்களா? ரேடார், அதிர்வு அலை, துளை என எந்த முறையில், கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

2. இந்த மண்ணுக்கு அந்தக் கருவி சரிப்படுமா? களிமண், உப்பு நீர், இரும்பு இருக்கும் இடத்தில் ஜிபிஆரை மட்டும் நம்பினால் போதாது. கடற்கரை ஓர வேலைகளில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

3. ஆபத்து என்று முடிவு வந்தால் வேலையை நிறுத்தப்போவது யார்? ஆய்வு செய்தவரா, கான்ட்ராக்டரா, இன்ஜினியரா? பதில் தெரியாவிட்டால், அந்த அறிக்கை வெறும் பேப்பர்தான்.

ஜிபிஆர் நல்ல கருவி. சரியான மண்ணில், சரியான நேரத்தில், அது சொல்வதைக் கேட்க ஆள் இருந்தால் உயிரைக் காப்பாற்றும். தெலங்கானாவில் அது தாமதமாக வந்தது, பார்க்க முடியாத இடத்தில் நின்றது. அதற்கு முன்னால் வந்த எச்சரிக்கைக்கு என்ன ஆனது என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியது கருவி இல்லை. அந்த 6 குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான்.